எட்டாம் இடத்திலிருந்து கோப்பைக்கு

செம்பாக்கத்திலும் தாம்பரத்திலும் பந்து உதைக்கும் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர், சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கில் அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் எட்டாம் இடத்தில் நின்ற அணி அது. 2019 மார்ச் 9 அன்று, கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் பின்தங்கி, பிறகு 3-1 என வென்று சாம்பியன் ஆனது. அதற்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரு புள்ளிதானே, அதிர்ஷ்டம் என்பார்கள். 20 ஆட்டங்களுக்கு அதிர்ஷ்டம் மட்டும் துணை வராது. பெரும் பணம் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பக்கம் போனதால் களம் எளிதானது என்பதில் பாதி உண்மை உண்டு: 2017இல் ஐஸ்வால், 2018இல் மினர்வா என வென்றவையும் சிறிய அணிகளே. ஆனால் பெரிய அணிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அப்போது அங்கேதான் ஆடின. ஆகவே இது மெய்யான சாதனைதான். வருத்தம் என்னவென்றால், கோப்பை வென்றும் சென்னை சிட்டிக்கு மேல் லீக்கின் கதவு திறக்கவில்லை. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். இடம் முதன்முதலாகக் கிடைத்தது 2022-23 ஐ-லீக் பருவத்தின் முடிவில். அதைப் பெற்றது மினர்வாவின் வழிவந்த, பணபலமுள்ள ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப்.