கர்ப்ப காலத்தில் உடற்பயிற்சியும் உறக்கமும்

"இரவில் உறக்கமே வருவதில்லை" என்பது மகப்பேறு புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை. "பகல் முழுதும் ஓய்வில்தான் வைத்திருக்கிறோம்" என்பார்கள் உடன் வருவோர். அந்த முழு ஓய்வே பல வேளைகளில் உறக்கத்தைக் கெடுக்கிறது.

கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் முதுகுவலி, நெஞ்செரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை உறக்கத்தைக் கலைப்பது இயல்பே. மிதமான உடற்பயிற்சி முதுகுவலியையும் மன இறுக்கத்தையும் குறைத்து, உறக்கம் வர உதவுகிறது. கர்ப்பகால நீரிழிவு ஏற்படும் வாய்ப்பையும் குறைக்கிறது.

எவ்வளவு செய்யலாம்?

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நாள்தோறும் 30 நிமிடம், வாரத்தில் 5 நாள் நடந்தால் போதும். பழக்கமில்லாதோர் 10 நிமிடத்தில் தொடங்கலாம். நடக்கும்போது இயல்பாகப் பேச முடிய வேண்டும்; பேச்சுக்கு மூச்சு போதவில்லையெனில் வேகத்தைக் குறைக்கவும். வெயில் நேரத்தைத் தவிர்க்கவும்.

நஞ்சு கருப்பை வாயை மறைத்திருப்போர், கருப்பை வாயில் தையல் போடப்பட்டோர், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் அல்லது கடும் இரத்தசோகை உள்ளோர் மருத்துவரிடம் கேளாமல் பயிற்சி செய்யலாகாது.

எப்படிப் படுப்பது?

28 வாரங்களுக்குப் பின் ஒருக்களித்துப் படுத்து உறங்குவதே நல்லது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெருஞ்சிரையை அழுத்தி, குழந்தைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கலாம். அவ்வாறு உறங்கத் தொடங்குவோரிடம் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என ஆய்வுகள் காட்டுகின்றன. நள்ளிரவில் விழிக்கையில் மல்லாந்திருந்தால் அஞ்ச வேண்டா. திரும்பிப் படுத்தால் போதும். முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொள்ளலாம்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

உரத்த குறட்டையையும் உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதையும் அருகில் படுப்பவரே அறிய முடியும். கண்டால் எங்களிடம் கூறுங்கள். படுத்தவுடன் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாகலாம். இரும்பு மாத்திரையைக் காபி, தேநீருடன் தர வேண்டா. தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கித் தரவே கூடாது.

உடனே மருத்துவமனைக்கு வருக

இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, கடும் தலைவலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டா. எந்த நேரமாயினும் வாருங்கள்.