மாத்திரையை நிறுத்தாதீர்கள், டப்பாவை எறியாதீர்கள்

தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு 'ஹார்மோன் பேலன்ஸ்' மூலிகைப் பொடிக்கு மாறுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். சில மாதங்களில் முகம் வீங்கி, முடி கொட்டி, எதற்கென்று தெரியாத அழுகை வந்து மருத்துவரிடம் ஓடுவார்கள். ரத்தத்தில் டிஎஸ்ஹெச் அளவு எங்கோ ஏறியிருக்கும். "பொடி டப்பா எங்கேம்மா?" என்று கேட்டால், "தீர்ந்ததும் தூக்கிப் போட்டுட்டேன்" என்பார்கள். பில்லும் இருக்காது. யாரோ ஒருவரின் செல்போன் எண்ணுக்கு ஜிபே செய்திருப்பார்கள். புகார் எழுத எதைக் காட்டுவது?

ஆயுர்வேதத்தின் மேல் குறை இல்லை. நேரத்துக்குத் தூக்கம், பசித்தபின் சாப்பாடு, இரவில் லேசான உணவு, எண்ணெய்க் குளியல், நடை என அது சொல்லும் ஒழுங்கு உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு அலோபதி மருத்துவரும் முதலில் சொல்வது உணவையும் உடற்பயிற்சியையும்தான். ஆனால் தைராய்டு சுரப்பியே வேலை செய்யாதபோது எந்தக் கஷாயமும் தைராக்சின் மாத்திரைக்கு ஈடாகாது. மனச்சோர்வுக்கான மாத்திரையும் அப்படியே. திடீரென நிறுத்தினால் ஆபத்து. மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் இலவச 'டெலி மானஸ்' எண்.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்ற அலட்சியம் வேண்டாம். அஸ்வகந்தா, அதாவது அமுக்கரா, தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இரும்பும் கால்சியமும் தைராக்சினை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரும்புள்ள அயச்செந்தூரமோ கால்சியமுள்ள சங்கு பற்பமோ சாப்பிடுகிறவர்கள், மாத்திரைக்கும் அதற்கும் எத்தனை மணி நேர இடைவெளி விடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருந்து என்றால் 'ஆயுர்வேத மருந்து' அல்லது 'சித்த மருந்து' என்ற சொல், தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி, சேர்ந்த சரக்குகளின் பெயர், அளவு எல்லாம் இருக்க வேண்டும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மட்டும் இருந்தால் அது உணவுப்பொருள். நோயைக் குணப்படுத்தும் என்று அதில் போடவே கூடாது. இரண்டு எண்ணும் இல்லையா? வாங்காதீர்கள். ஆலோசனை சொல்பவர் பிஏஎம்எஸ் அல்லது பிஎஸ்எம்எஸ் படித்தவரா, பதிவு எண் உண்டா என்றும் கேளுங்கள்.

மாதவிடாய்க் கோளாறு, பெண் மலட்டுத்தன்மை, உடல் பருமன், கழுத்துக் கழலை ஆகியவற்றைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. சட்டம் வந்து எழுபது ஆண்டுகள் தாண்டியும் ரீல்ஸைத் திறந்தால் இதே விளம்பரங்கள்தான். யாராவது எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியானால் எழுதிக் கொடுப்போம்.

முதலில் ஆதாரம். மிச்சப் பொடியை டப்பாவோடு மூடி வையுங்கள். லேபிளை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய விவரம், பொடிக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். திரும்பவும் சொல்கிறேன்: டப்பாவை எறியாதீர்கள். பேட்ச் எண் இல்லாத புகாரை ஓரம் கட்டுவது அதிகாரிகளுக்குச் சுலபம்.

மருந்தின் பக்கவிளைவுக்கும் பொய் விளம்பரத்துக்கும் மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2025-இல் தொடங்கிய 'ஆயுஷ் சுரக்ஷா' தளத்தில் பதியலாம். கூடவே சென்னை அரும்பாக்கத்திலுள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்கு மனு எழுதி, நகலை மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உள்ள பொருளானால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் கொடுக்க வேண்டும். இடம் மாற்றிக் கொடுத்தால் மாதக்கணக்கில் அலையவிடுவார்கள்.

பணமும் நஷ்டஈடும் வேண்டுமென்றால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 'உடம்பு தேறட்டும், பிறகு பார்ப்போம்' என்று தள்ளிப் போட்டு அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். உடம்பு சரியில்லாவிட்டால் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும். இந்த வாரமே எழுதட்டும்.