திருப்பூர் டாலரும் மும்பை ஃபண்டும்

கோவைப் பக்கம் கையில் காசு சேர்ந்தால் முதலில் தோட்டம், அப்புறம் சைட், மிச்சமிருந்தால் சீட்டு. பங்கும் புதிதல்ல, இந்த ஊருக்கென்றே ஒரு பங்குச் சந்தை இருந்து, 2013-ல் மூடப்பட்டது. புதிது என்னவென்றால், பீளமேட்டில் உட்கார்ந்தபடி கூகுளில் பங்கு வைத்திருப்பது.

அதற்கு ஒரு வழி மியூச்சுவல் ஃபண்ட். மும்பையின் பிபிஎஃப்ஏஎஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பின்னால் வங்கியோ பெரிய தொழில் குழுமமோ கிடையாது. பராக் பாரிக் தொடங்கியது. 2013 மே மாதம் ஒரே ஒரு பங்குத் திட்டத்தோடு வந்தார்கள். 2019 வரை இரண்டாவது பங்குத் திட்டம் போடவில்லை. கிளை கிளையாக விற்க வங்கி இல்லாதவர்களுக்கு அந்தப் பிடிவாதமே விளம்பரமாயிற்று என்று நினைக்கிறேன். இந்தியப் பங்குகளோடு கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், மைக்ரோசாஃப்ட், அமேசான் பங்குகளையும் வாங்கினார்கள். ஆனால் 65 சதவீதத்துக்குக் குறையாமல் இந்தியப் பங்குகள். அப்போதுதான் வரிக்கணக்கில் அது உள்நாட்டுப் பங்கு ஃபண்ட்.

நீங்கள் கட்டும் பணம் நிறுவனத்தின் கல்லாவுக்குப் போவதில்லை. டிரஸ்ட் ஒன்றின் பொறுப்பில் இருக்கும்; பங்குகளைக் கஸ்டோடியன் என்ற தனி அமைப்பு வைத்திருக்கும். நிறுவனத்துக்குக் கட்டணம் மட்டுமே. அதை லாபமோ நட்டமோ எடுத்துக்கொள்வார்கள். மாதாமாதம் இவ்வளவு நிச்சயம் என்று யாராவது சொன்னால், அது ஃபண்ட் அல்ல. ஈமு கோழித் திட்டங்களில் பணம் போட்டு ஏமாந்த ஊருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பங்கு என்றால் டாலர் கணக்கும் வரும்; அது திருப்பூர்க்காரர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 100 டாலர் பங்கு, டாலர் 80 ரூபாய் என்றால் உங்களுக்கு அது 8,000. பங்கு நகராமல் டாலர் மட்டும் 84 ஆனால் 8,400. பங்கு 90 டாலருக்கு இறங்கினால், அதே 84-லும் 7,560தான். பனியனை டாலருக்கு விற்பவருக்கு ரூபாய் ஏறினால் வருமானம் குறையும். இந்த முதலீடும் அதே பக்கம்தான் சாயும். அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம் கட்டப்போகிறவருக்கோ இது நல்ல தாங்கல்.

ஒரு முட்டுக்கட்டை உண்டு. எல்லா ஃபண்டுகளும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் போட ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு 700 கோடி டாலர். 2022 தொடக்கத்தில் அது நிரம்பப் போகவே, புதிதாக வாங்குவதை நிறுத்தச் சொன்னது சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி. சில மாதங்களில் கொஞ்சம் தளர்த்தியது: விற்று இடம் காலியானால் அந்த அளவுக்கு வாங்கலாம். வெளிநாட்டு ஃபண்ட் ஒன்று திடீரென்று உங்கள் பணத்தை வாங்க மறுத்தால் ஏஜெண்டைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்.