டூட்டிக்குப் போற வழியில விபத்தா? அதுவும் வேலை விபத்துதான்!

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிற ஊர் ஆலந்தலை. விடியறதுக்கு முன்னாடியே வள்ளங்கள் கடலுக்குக் கிளம்பிடும். அப்பா கடலுக்குப் போனா, மகன் பைக்கை எடுப்பார். திருச்செந்தூர் கடையோ, தூத்துக்குடி கம்பெனியோ, ஷிஃப்ட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரணுமே! கடலுக்குப் போனவர் திரும்புற வரைக்கும் வீட்டில் ஒரு பதற்றம் இருக்கும். ஆனா, பைக்கில் போனவரைப் பற்றி யாரும் அவ்வளவா யோசிக்கிறதில்லை.

உங்களுக்கும் இதே கதைதானா? அப்படின்னா, ஒரு கேள்வி. கம்பெனி கேட்டுக்கு 5 கிலோமீட்டர் முன்னாடியே விபத்து நடந்தா, அதுக்குக் கம்பெனி பொறுப்பா? 'உள்ள வந்து பஞ்ச்சே பண்ணலையே' என்று கைவிரிக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கு.

22 வருஷப் போராட்டம்

மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. அதிகாலை 3 மணி ஷிஃப்ட்டுக்காக பைக்கில் கிளம்பியவர், ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்னாடி விபத்தில் இறந்துபோனார். இது நடந்தது 2003 ஏப்ரலில். அவரை நம்பி மனைவி, 4 பிள்ளைகள், அம்மா இருந்தாங்க. தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் அந்தக் குடும்பத்துக்கு 3,26,140 ரூபாயும் வட்டியும் தரச் சொன்னார். இன்ஷூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 'விபத்து வேலையிடத்தில் நடக்கலை' என்று 2011-ல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

உச்ச நீதிமன்றம் அந்த இழப்பீட்டைத் திரும்பவும் உறுதி செய்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிஞ்சு வீடு திரும்பும்போதோ நடக்கிற விபத்தும், வேலையின்போது நடந்த விபத்தாகவே கருதப்படலாம் என்றது தீர்ப்பு.

அடுத்து, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே சட்டமாக எழுதி வெச்சிருக்கு.

ஒரே ஒரு நிபந்தனை

விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை மூணுக்கும் வேலையோடு தொடர்பு இருக்கணும். அந்தக் காவலாளி 3 மணி ஷிஃப்ட்டுக்கு, ஆலைக்குப் போற வழியில்தான் இருந்தார். அதனால் தொடர்பு தெளிவா தெரிஞ்சது. டூட்டி முடிஞ்சு சினிமா பார்த்துட்டு, நண்பர் வீட்டுக்கும் போய்ட்டு நடுராத்திரி திரும்பும்போது விபத்துன்னா, அந்தத் தொடர்பை நிரூபிக்கிறது கஷ்டம்.

யார்கிட்ட கேட்கணும்?

சம்பளத்தில் இ.எஸ்.ஐ பிடிக்கிறாங்களா? அப்போ இ.எஸ்.ஐ அலுவலகம்தான் உங்க இடம். இ.எஸ்.ஐ இல்லைன்னா, முதலாளிதான் இழப்பீடு தரணும். மனுவைத் தொழிலாளர் துறையில் கொடுக்கணும். அதுக்குக் கெடு 2 வருஷம்.

தொகை எவ்வளவு வரும்? பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கைப் பாருங்க. மாதச் சம்பளத்தில் பாதியை, வயசுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கணும். 25 வயசுக்கு அந்த எண் 216.91. கணக்கில் எடுத்துக்கிற அதிகபட்சச் சம்பளம் 15,000 ரூபாய். அப்படிப் பார்த்தா, மரணத்துக்கு 16,26,825 ரூபாய். சின்னத் தொகை இல்லை!

இன்னொரு விஷயம். எதிரில் வந்த வண்டி மேல தப்புன்னா, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனா, முதலாளியிடம் இழப்பீடு, தீர்ப்பாயத்தில் இழப்பீடுன்னு ரெண்டையும் ஒரே விபத்துக்கு வாங்க முடியாது. எதில் அதிகம் கிடைக்கும்னு வக்கீலைக் கேட்டுட்டு ஒண்ணைத் தேர்வு செய்யுங்க.

அப்பா பேர்ல இருக்கிற பைக்கா?

பைக் இன்ஷூரன்ஸோடு வாங்குற 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்து காப்பீடு, வண்டியின் உரிமையாளருக்கு மட்டும்தான். அவரே ஓட்டணும், லைசென்ஸும் இருக்கணும். ஆர்.சி புக்கில் அப்பா பேர் இருந்து நீங்க ஓட்டினா, அந்தப் பணம் உங்களுக்கு வராது. இன்னிக்கே ஆர்.சி-யை ஒருமுறை பாருங்க.

அப்படியே அப்பாவுக்கும் ஒரு செக். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கோ, நிரந்தர முழு ஊனத்துக்கோ 5 லட்சம் ரூபாய் உண்டு. பிரீமியம் முழுசையும் அரசே கட்டுது. 18 முதல் 70 வயசு வரைக்கும் சேரலாம். பட்டியலில் அவர் பேர் இருக்கான்னு மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிங்க.

போனில் இருக்கட்டும்

* வேலை நியமனக் கடிதம், அடையாள அட்டை போட்டோ
* சம்பளம் வந்த வங்கிப் பதிவு. கையில் சம்பளம் வாங்கினா, ரசீதோ வாட்ஸ்அப் மெசேஜோ போதும்
* ஷிஃப்ட் நேரம் சொல்லி மேனேஜர் அனுப்பிய மெசேஜ். டெலிட் பண்ணாதீங்க!
* விபத்து நடந்தா எஃப்.ஐ.ஆர் நகல், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல். ரெண்டிலும் 'வேலைக்குப் போகும் வழியில்' என்ற வார்த்தை இருக்கான்னு படிச்சுப் பாருங்க

வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற எண்ணில் கூப்பிட்டா இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வாங்க.

அந்தக் காவலாளி குடும்பம் 22 வருஷம் காத்திருந்தது. உங்க வீட்டுக்கு அந்த நிலை வர வேண்டாம். மேலே இருக்கிற பேப்பர்களை எல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு, வீட்டில் ஒருத்தருக்கு இன்னிக்கே ஃபார்வர்டு பண்ணுங்க. அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிட்டுக் கிளம்புங்க!