வீட்டு அலுவலகச் சிறு ஒலிபெருக்கி

வீட்டு அலுவலகச் சிறு ஒலிபெருக்கி என்பது, வீட்டிலிருந்து பணிபுரிவோரும் இணையவழியில் படிப்போரும் மேசையில் கணினிக்கு அருகே வைத்துக்கொள்ளும் சிறிய ஸ்பீக்கர் ஆகும். தூத்துக்குடி போன்ற கடற்கரை நகரங்களில் இதை வாங்குவோர் ஒலித் தரத்துடன் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் வாட் எண் பலரையும் மயக்கிவிடுகிறது. பி.எம்.பி.ஓ. என்றிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தொடர்ந்து வழங்கக்கூடிய திறனைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். அளவே. வாட் இரு மடங்கானாலும் ஒலி 3 டெசிபெல்தான் கூடும்; காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அரை மீட்டர் தொலைவில் அமர்பவருக்கு 5 வாட் தாராளம்.

பேச்சுத் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்சு வரையிலான அதிர்வெண்களில் அமைகிறது. கடைகளில் பாஸ் அதிரும் திரைப்பாடலைப் போட்டுக் காட்டுவார்கள். செய்தி வாசிப்பைப் போடச் சொல்லிக் கேட்பதே நல்லது.

புளூடூத் ஸ்பீக்கரின் ஒலிவாங்கியையும் கூட்டங்களில் பயன்படுத்தினால், இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறி ஒலித்தரம் குறைவதுண்டு. எனவே கம்பி இணைப்பும் இருப்பது நன்று. சில ஸ்பீக்கர்களில் யூ.எஸ்.பி. துளை மின்னேற்றத்துக்கு மட்டுமே; ஒலி அதன் வழியே செல்லாது. இதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். மேசையை விட்டு நகராத ஸ்பீக்கருக்கு பேட்டரி தேவையில்லை. பேட்டரி தேய்ந்தால் மாற்ற முடியாத மலிவு வகைகள் பல.

தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்ட உப்பளங்களில் விளைகிறது. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு, வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் மீதும் படிகிறது. அதில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பதால், இணைப்பு முனைகள் பச்சை பூக்கும். இரும்பு வலை துருவேறும். இங்கே ஐபி67 என்ற குறியீட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. தூசி புகாது, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே அதன் பொருள். அச்சோதனை நன்னீரில் செய்யப்படுவது. உப்பு அரிப்புக்கான சோதனை வேறு. துணி அல்லது பிளாஸ்டிக் முகப்பும், துளைகளுக்கு இறுக்கமான ரப்பர் மூடியும் உள்ளதைத் தேர்வது ஏற்றது. கடலை நோக்கிய சன்னலருகே வைக்காமல், வாரம் ஒருமுறை நன்னீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றியெடுக்கலாம். மின்னிணைப்பைக் கழற்றிய பிறகே துடைக்க வேண்டும்.