மே மாதமே கனடாவில் வகுப்பு: காசு கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

கனடாக் கல்லூரி என்றால் செப்டெம்பர்தான் என்றிருந்த மட்டக்களப்பில், இப்போது "மே இன்டேக்" என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. எழுவான்கரையில் மட்டுமல்ல, வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கமும் இதே பேச்சு. உயர்தர மாணவர்களுக்குப் படிப்பிப்பதால் அனுமதிக் கடிதங்களை என்னிடமும் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

கோடைப் பருவம் என்பது மே முதல் ஆகஸ்ட் வரை. இங்கே கச்சான் காற்று வீசுகிற அதே மாதங்கள். அங்குள்ள பல கல்லூரிகள் ஜனவரி, மே, செப்டெம்பர் மூன்றிலும் மாணவரைச் சேர்க்கின்றன. ஆனால் எல்லாப் பாடநெறிகளும் மேயில் தொடங்குவதில்லை.

பிள்ளைகளின் அவசரத்தில் நியாயம் உண்டு. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு வந்தது செப்டெம்பரில். பிறகு வெட்டுப்புள்ளிக்குக் காத்திருக்க வேண்டும். வந்தாறுமூலையில் இடம் கிடைத்தாலும் வகுப்புத் தொடங்க இன்னும் மாதங்கள் போகும். வீட்டுக்காரருக்கும் பெரும்போக அறுவடைக் காசு கைக்கு வருவது மாசி, பங்குனியில்தான். முகவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் நாட்காட்டி ஒத்துவருவதில்லை. முன்பு ஆகஸ்டில் பரீட்சை நடந்து டிசம்பர் கடைசியில் பெறுபேறு வந்தது. மேக்கு முன் நான்கு மாதம் இருந்தது. 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பரில் தொடங்கி, பெறுபேறு 2025 ஏப்ரல் 26 அன்று வெளியானது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதி, மாகாண உறுதிக் கடிதம், மருத்துவப் பரிசோதனை, கைவிரல் அடையாளம், விசா எல்லாம் முடித்து அதே மேயில் வகுப்பில் இருப்பது நடக்காத காரியம். அந்த வருடத்துக்குச் செப்டெம்பர் அல்லது அடுத்த ஜனவரிதான் சரி. மே என்பது, பெறுபேறு வந்து ஒரு வருடம் கழிந்தவர்களுக்கே பொருந்தும்.

அடுத்தது வேலை. "கோடையில் முழுநேரம் உழைக்கலாம்" என்று சொல்லியே பலரை இழுக்கிறார்கள். விதி வேறு. படிப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணிநேரம் மட்டுமே. 2024 நவம்பர் 8 முதல் இதுதான் நடைமுறை. முழுநேர வேலை கல்லூரி அறிவித்த விடுமுறைக்கு உரியது, அதுவும் விடுமுறைக்கு முன்னும் பின்னும் முழுநேர மாணவராக இருந்தால்தான். மேயில் படிப்பைத் தொடங்குகிறவருக்கு அந்தக் கோடை விடுமுறையல்ல, முதற் பருவம். வகுப்புத் தொடங்குமுன் போய் இறங்கினாலும் வேலை செய்ய முடியாது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதை: மற்ற மாணவருக்குக் கோடை ஓய்வாக இருக்கலாம், கோடையிலேயே தொடங்குகிறவர் முழுப் பாடச்சுமையும் எடுக்க வேண்டும்.

ஆகவே முதல் வருடச் செலவை அங்கே உழைத்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கு மே மாணவருக்கு இன்னும் இறுக்கமானது. கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் தனியாள் ஒருவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு 2024 ஜனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 ஆக உயர்ந்தது. 2025 செப்டெம்பர் முதல் 22,895. கல்லூரிக் கட்டணமும் பயணச் செலவும் இதில் சேராது. படுவான்கரையில் வயலை ஈடுவைக்க யோசிக்கும் குடும்பங்களுக்கு இதை நான் கனேடிய டொலரில் அல்ல, ஏக்கர் கணக்கில்தான் விளங்கப்படுத்துகிறேன்.

அதற்குப் பிறகும் போவதென்றால், கட்டணத்தை முகவரின் கணக்குக்கு அல்ல, கல்லூரியின் கணக்குக்கு நேரே அனுப்புங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும், தாமதமானால் இடத்தைச் செப்டெம்பருக்கு மாற்றலாமா என்று கல்லூரியிடமே எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதியுள்ள நிறுவனமா என்பதைக் கனேடிய அரசின் பட்டியலில் நீங்களே பார்க்கலாம். படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி எல்லாப் பாடநெறிக்கும் கிடைக்காது. பட்டமல்லாத கல்லூரிப் படிப்புகளுக்கு 2024 நவம்பர் முதல் துறைக் கட்டுப்பாடு வந்துவிட்டது.

மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென 5 வீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பு அதில் ஒன்று. விண்ணப்பம் அந்தந்த வருடப் பரீட்சைக்கு உரியது. கனடா விசா வந்தால் இந்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல அப்போது நேரம் இருக்கும்.