உங்களுக்குத் தெரியுமா? ஹைதராபாத் பெண்கள் நடித்த படம்

ஹைதராபாத்தின் உப்பல் பகுதிக்குத் தெற்கே மூசி ஆறு ஓடுகிறது. அதன் கரையோரமாக மேற்கே போனால் பழைய நகரம். 1984-இல் அங்கே கலவரமும் ஊரடங்கும். இயக்குநர் தீபா தன்ராஜ் அந்த நாட்களைக் கேமராவில் பதிவுசெய்து, 1986-இல் ‘க்யா ஹுவா இஸ் ஷஹர் கோ’ என்ற ஆவணப்படமாக்கினார். ஒளிப்பதிவு நவ்ரோஸ் கான்ட்ராக்டர். தலைவர்களின் மேடை முழக்கம் ஒரு பக்கம், ஊரடங்கில் அன்றாடக் கூலி நின்றுபோன குடும்பங்கள் மறுபக்கம். இரண்டையும் காட்டும் படம் இது. பெர்லினின் ஆர்சனல் நிறுவனம் இதைப் புதுப்பித்தது. 2013-இல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

இதற்கும் முன்பே தீபாவும் நவ்ரோஸும் ‘யுகாந்தர்’ என்ற குழுவில் இருந்தார்கள். 1980-இல் தொடங்கிய அந்தக் குழு பூனாவின் வீட்டுவேலைப் பெண்களையும் நிப்பாணியின் புகையிலைத் தொழிலாளிகளையும் படமெடுத்தது. மூன்றாவதாக, ஹைதராபாத்தின் ‘ஸ்த்ரீ சக்தி சங்கடனா’ என்ற பெண்கள் சங்கத்தோடு சேர்ந்து 1983-இல் எடுத்த தெலுங்குப் படம்தான் ‘இதி கதா மாத்ரமேனா’. இது வெறும் கதைதானா என்று கேட்கிற தலைப்பு. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையே பொருள். சங்கப் பெண்கள் கூடி உட்கார்ந்து, தாங்கள் பட்டதையும் பார்த்ததையும் பேசினார்கள். காட்சிகள் அந்தப் பேச்சிலிருந்தே பிறந்தன. நடித்தவர்களும் அவர்களேதான். சமையலறைக்குள் அடக்கிவைத்த அழுகையைத் திரைக்குக் கொண்டுவர அன்றைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்தியாவில் வந்தது 2005-இல்தான்.